பிணியாளர் பணிவிடை இழிதொழிலாகுமா?

பௌத்த நெறியைத் தழுவிய நம் குடும்பங்களில் ஒரு வினா சில காலமாக எழுந்து உலவுகின்றது. அதனை மூடி மறைத்துப் பயனில்லை. வெளிப்பட எடுத்துப் பேசுதலே தகும். பாலக்காட்டைச் சார்ந்த சித்தூர்ப் பகுதியிலும், முதலமடை, கோவிந்தாபுரம் முதலிய எல்லையூர்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை மலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மக்களும், ஆண்மக்களுள் சிலரும், முதியோர் இல்லங்களிலும் நோயாளர் காப்பகங்களிலும் செவிலியர் உதவியாளராகச் சேர்ந்து வருகின்றனர். குளிப்பாட்டுதல், ஊட்டுதல், உடை மாற்றுதல், மலசலம் துடைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவை அவர்தம் அன்றாட வேலைகள்.

வந்தனை முடிந்து அனைவரும் கலைந்த பின்னர் ஓர் உபாசகர் எம்மிடம் வந்து, "ஐயா, என் பாட்டன் மலவாளி சுமந்தார். என் தகப்பனார் துடைப்பம் பிடித்தார். பாபாசாகேப் காட்டிய வழியில் நடந்து நாங்கள் அதிலிருந்து வெளியேறினோம். இப்பொழுது என் மகள் மாதச் சம்பளத்துக்கு மலந்துடைக்கப் போகின்றேன் என்கின்றாள். இது முன்னே போவதா, பின்னே போவதா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபமில்லை; அச்சமே இருந்தது.

இவ்வினாவை எளிதிற் தள்ளிவிட எமக்கு மனம் வரவில்லை. கேரள நாட்டு நகரங்களின் கழிவறைகளைத் துப்புரவு செய்வதற்கென்றே தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் கொண்டுவரப்பட்டனர் என்பது வரலாறு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதி வெளியிட்ட 'தோட்டியின் மகன்' என்னும் புதினம் ஆலப்புழை நகரத்துத் தோட்டிகளைப் பற்றியது. தன் மகன் தோட்டியாகலாகாது என்று ஒரு தந்தை படும் பாடே அக்கதையின் உயிர். சுந்தர ராமசாமி அதனைத் தமிழில் பெயர்த்தளித்துள்ளார். கையால் மலமள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 1993-இல் ஒரு சட்டம் தடுத்தது. 2013-இல் அதனினும் விரிந்த மற்றொரு சட்டம் வேண்டியதாயிற்று. முதற்சட்டம் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதற்கு இரண்டாஞ் சட்டமே சாட்சி. செத்த மாட்டை இழுத்துச் செல்லும் வேலையையும், அதன் இறைச்சியை உண்ணும் வழக்கத்தையும் அடியோடு விட்டொழிக்குமாறு தம் மக்களை வற்புறுத்தியவர் அம்பேத்கர். வயிற்றின் பொருட்டு மானத்தை விற்கலாகாது என்பது அவர் கொள்கை. ஆதலின், மகளின் வேலையைப் பற்றி அவ்வுபாசகர் ஐயுற்றது அறியாமையன்று. தாம் கற்ற பாடத்தை அவர் மறவாமையே காரணம்.

ஆயினும் தம்ம நூல்களில் இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி உளது. விநய பிடகத்து மகாவக்கத்தில், சீவரங்களைப் பற்றிய பகுதியில் அது கூறப்பட்டிருக்கின்றது. பகவான் புத்தர் ஆனந்தருடன் பிக்குகளின் உறைவிடங்களைச் சுற்றிப் பார்த்து வருகையில், வயிற்றுநோயால் வருந்திய பிக்கு ஒருவர் தம் மலசலத்திலேயே கிடக்கக் கண்டார். உமக்குப் பணிவிடை செய்வார் இல்லையா என்று வினவினார். இல்லை என்று விடை வந்தது. ஏன் இல்லை என்று கேட்டபொழுது அந்நோயாளி சொன்ன காரணத்தை நம் மக்கள் ஊன்றி நோக்கல் வேண்டும்: அவர் மற்றப் பிக்குகளுக்கு எவ்வுதவியும் செய்பவர் அல்லராம், ஆதலால் அவரை ஒருவரும் கவனிக்கவில்லையாம். அதாவது, பயன்படாத மனிதனுக்குப் பணிவிடை எதற்கு என்பது அவர்தம் கணக்கு. துறவு பூண்டவரிடத்திலும் அக்கணக்கு ஒழியவில்லை.

புத்தர் ஆனந்தரை அனுப்பித் தண்ணீர் கொணரச் செய்தார். புத்தர் நீரை ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பின்னர்த் தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கி, அந்நோயாளியைக் கட்டிலிற் கிடத்தினர். அதன் பின்னரே பிக்குகளைக் கூட்டிப் பேசினார். தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறு யார் பேணுவார் என்று கேட்டார். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்றும் மொழிந்தார். முதலில் கழுவினார், பிறகே போதித்தார் என்னும் முறை எம் போன்ற பிரசாரகர்களுக்குச் சொல்லியது போலவே இருக்கின்றது.

இதனோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணுக. சுனீதர் என்னும் தேரர் இழிகுலத்தவரெனப்பட்டு, வாடிய பூங்குப்பைகளை வாரியெறிந்து பிழைத்தவர். அவரைப் புத்தர் துடைப்பத்தினின்று விடுவித்துச் சங்கத்துட் சேர்த்துக்கொண்டார். பிறப்பினால் துப்புரவுத் தொழில் சுமத்தப்பட்ட ஒருவரை அதினின்று எழுப்பியவரும் புத்தர். தாமே குனிந்து ஒரு நோயாளியின் மலத்தைக் கழுவியவரும் புத்தர். இவ்விரு செயல்களும் ஒன்றற்கொன்று முரணென்று நினைப்பவர் இரண்டையும் அறியாதவர். சுனீதரிடமிருந்து அவர் நீக்கியது பிறப்பினால் வந்த கட்டளையை. நோயுற்ற பிக்குவிடம் அவர் ஏற்றது மனிதனுக்கு மனிதன் செய்யும் கடமையை.

தோட்டி வேலையின் கொடுமை மலத்தில் இல்லை என்பதே எம் துணிபு. தாய் தன் குழந்தையின் மலத்தைத் தொடுகின்றாள். அவளை எவரும் ஒதுக்குவதில்லை. அறுவை மருத்துவர் குடலையே கையில் எடுக்கின்றார். அவரை எழுந்து நின்று வணங்குகின்றனர். மலத்தைத் தொட்டதால் நம்மவர்க்கு இழிவு வரவில்லை. தொட்டவரை மற்றவர் தொட மறுத்ததாலும், தொடும் வேலையை இன்ன சாதிக்கே என்று விதித்ததாலும், அதனைச் செய்தவர் முகத்தையே பாராமல் பின்வாசல் வழியே வரச் செய்ததாலும் இழிவு வந்தது. பழைய எடுப்புக் கழிவறையின் அமைப்பை அறிந்தவர் இதனை உணர்வர். கழிப்பவன் ஒரு பக்கம், எடுப்பவன் மறுபக்கம், நடுவே சுவர். ஒருவர் மற்றவரை ஒருநாளும் காணார். செவிலியர் உதவியாளரின் வேலையிலோ அச்சுவர் இல்லை. அவர் நோயாளியின் பெயரைச் சொல்லி அழைக்கின்றார்; நோயாளி அவர் கையைப் பற்றிக்கொண்டு எழுகின்றார். வேலையின் பொருள் அழுக்கு அன்று, மனிதர்.

இவ்வாறு யாம் எழுதுவதைக் கொண்டு எல்லா இல்லங்களும் நல்லவை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. சாதி என்பது சுவர் இல்லாத இடத்திலும் சுவர் எழுப்பவல்லது. எமக்குத் தெரிந்த ஓரில்லத்தில் நம் பெண்களுக்குக் கழிவறையும் படுக்கைத் துணியும் மட்டுமே தரப்பட்டன. சமையலறை வாசலில் கால் வைக்கவும், நோயாளிக்குக் கஞ்சி ஊட்டவும் வேறு பெண்கள் அமர்த்தப்பட்டனர். கேட்டதற்கு, வேலைப் பங்கீடு என்றனர். அவ்வில்லத்தின் பெயரை ஈண்டு எழுதோம். ஆனால், ஒரே வேலைக்குச் சேர்ந்த இருவருள் ஒருவர்க்கு ஊட்டும் கையும், மற்றவர்க்குத் துடைக்கும் கையும் மட்டுமே என்று பிறப்பை வைத்துப் பிரிக்கும் இடம் எதுவாயினும், அது செவிலியர் இல்லம் அன்று, பழைய சேரியின் புதிய கிளை. அங்கு நம் மகளிர் ஒரு நாளும் தங்கலாகாது. துடைப்பதும் ஊட்டுவதும் ஒரே கைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். இடையில் சோப்பும் தண்ணீரும் போதும்.

கேரளத்துச் செவிலியர் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. பிறர் உடலைத் தொடுவதும் கழிவு துடைப்பதும் தீட்டென்று உயர்சாதி இந்துக்கள் பெண்களை அத்தொழிலுக்கு அனுப்பாதிருந்த காலத்தில், கிறித்தவப் பெண்கள் துணிந்து அதில் இறங்கினர். அவர்களையும் ஒரு காலத்தில் இழிவாகப் பேசினர். பின்னர் அப்பெண்களின் ஊதியத்தால் வீடுகள் எழும்பின. தம்பி தங்கையர் படித்தனர். வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் கேரளச் செவிலியர் இல்லாத மருத்துவமனை அரிது என்னும் நிலை வந்தது. தீட்டு என்ற சொல் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. அவர்கள் அத்தொழிலைப் படிப்பாக மாற்றினர் என்பதே இதிலுள்ள பாடம். நம் பிள்ளைகள் உதவியாளர் படியிலேயே நின்றுவிடாமல், இயன்றவர் செவிலியர் படிப்புக்கும் ஏறுதல் வேண்டும்.

இனிக் கடமைகளைக் காண்போம். நோயாளியைப் பேணுவோர்க்கு ஐந்து தகுதிகளைப் புத்தர் அதே இடத்திற் கூறியுள்ளார். மருந்தை ஆயத்தம் செய்ய வல்லவராதல். நோயாளிக்கு ஏற்றதும் ஏலாததும் அறிந்து, ஏற்றதைக் கொடுத்து ஏலாததை விலக்குதல். ஊதியத்தை உன்னாது அன்பினால் பேணுதல். மலம், சிறுநீர், வாந்தி, கோழை இவற்றை அருவருக்காமை. உரிய வேளையில் நல்லுரையால் மகிழ்வித்தல். இவ்வைந்தனுள் அன்பு மூன்றாவதாக நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. அறிவே முதலில் நிற்கின்றது. அறிவில்லாத அன்பு படுத்திருப்பவனுக்குத் தண்ணீர் ஊற்றி மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

இதனைச் சற்று விரித்துரைப்போம். எழுந்திருக்க இயலாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்த வேண்டும். இல்லையேல் இடுப்பின் பின்புறம், குதிகால், முழங்கை, தோள் எலும்பு ஆகிய இடங்களில் குருதியோட்டம் நின்று படுக்கைப்புண் தோன்றும். முதலில் தோன்றுவது ஒரு சிவப்பு. அதை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துப் பின் சிவக்குமாயின் இன்னும் அபாயமில்லை. அழுத்தியும் வெளுக்காத சிவப்பு புண்ணின் தொடக்கம். அப்பொழுதே செவிலியரிடம் சொல்லல் வேண்டும். தோல் கிழிந்த பிறகு சொல்லுதல் சொல்லாமைக்குச் சமம். உணவு ஊட்டுகையில் முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு கரண்டியில், முன்னது விழுங்கினாரா என்று பார்த்தே அடுத்ததைக் கொடுத்தல் வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது படுக்கவைத்தலாகாது. குளிப்பாட்டும் வெந்நீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தல் வேண்டும். மூணாற்றுக் குளிரில் சூடு மிகுதியாய் வைத்துவிடுதல் எளிது, முதியோர் தோலோ வெந்துவிடும். சிறுநீர்க் குழாய் பொருத்தியவரின் பையை எப்பொழுதும் இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடல் வேண்டும். நீரிழிவு நோயாளி திடீரென வியர்த்துத் தடுமாறினால் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடலாகாது. சர்க்கரை தாழ்ந்ததாயிருக்கலாம், உடனே கூப்பிடல் வேண்டும். மருந்தின் அளவைத் தாமே கூட்டுவதும் குறைப்பதும் ஊசி போடுவதும் உதவியாளரின் வேலையன்று. தெரிந்ததைச் செய்வதும், தெரியாததற்குக் கையெடாமையும் ஆகிய இரண்டுமே அறிவுதான்.

யாம் நூற்பாலையில் நின்ற நாளில், ஷிப்டு மாறும்போது போகின்றவர் வருகின்றவரிடம் எந்தச் சைடில் நூல் மிகுதியாய் அறுகின்றது என்று சொல்லிவிட்டே போவது முறை. சொல்லாமற் போனால் அடுத்தவர் ஒரு மணி நேரம் வீணாவார், அவ்வளவே கேடு. காப்பகத்தில் இரவு வேலைக்காரர் பகல் வேலைக்காரரிடம், இன்னார் நேற்று மாலை முதல் சிறுநீர் கழிக்கவில்லை என்று சொல்லாமற் போனால் ஓர் உயிர் போகும். நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டால், வேலை போய்விடுமென்று அஞ்சி மறைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பொய் சொல்லாமை நாம் ஏற்ற ஐந்து சீலங்களுள் ஒன்று. மறைக்கப்பட்ட வீழ்ச்சியினுள் ஓர் எலும்புமுறிவு ஒளிந்திருக்கக் கூடும். ஆனால், விழுந்ததைச் சொன்ன பெண்ணைத் தண்டிக்கும் மேலாளர், மறைக்கும்படி மற்றவர்க்குக் கற்பிக்கின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அருவருக்காமை என்பது மூக்கு வேலை செய்யாமை அன்று. கையுறையும் முகக்கவசமும் அணிதல் நோயாளியை இழிவுசெய்வதாகாது. இருவர்க்கும் நோய் பரவாமைக்கே அவை. முகஞ்சுளித்தலும், மூக்கைப் பொத்திக்கொண்டு உடன்வேலை செய்பவரிடம் சிரித்தலும், திரை இழுக்காமல் ஆடை களைதலும் இழிவுசெய்வன. ஆடையின்றிக் கிடப்பவர் ஒரு காலத்தில் ஆசிரியராயிருந்திருப்பார், ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்துக் குடும்பத்தைக் காத்திருப்பார். பாபாசாகேப் அம்பேத்கரும் தம் இறுதி ஆண்டுகளில் நீரிழிவால் மெலிந்து பிறர் கையை எதிர்பார்த்தவரே. 1948 ஏப்ரல் 15-இல் அவர் மணந்த சவிதா அம்மையார் ஒரு மருத்துவர். நானக் சந்த் ரத்து என்னும் அன்பர் உடனிருந்து பணிவிடை செய்தார். அத்துணைப் பெரியவர்க்கு வேண்டியிருந்த பணிவிடையை இழிவென்று சொல்ல நமக்கு நாவெழுமா?

ஊதியத்தைப் பற்றி ஒரு சிக்கல் உளது. ஊதியத்தை உன்னாது பேணுக என்று புத்தர் சொல்லியிருக்க, கூலிக்குப் பணிவிடை செய்வது புண்ணியமாகுமா என்று சிலர் கேட்கின்றனர். இதே வாக்கியத்தைக் காட்டி, இது சேவையன்றோ, சம்பளத்தைப் பற்றிப் பேசலாமோ என்று வாயடைக்கும் முதலாளிமாரும் உண்டு. முதலாளிமார்க்கு விநயத்தின் அடுத்த ஏட்டைக் காட்டுவோம். ஒரு பிக்கு இறந்தால் அவர் உடைமைக்குச் சங்கமே உரியதாயினும், அவரைப் பேணியோர் பேருதவி செய்தவராதலால், இறந்தவரின் சீவரங்களையும் பிட்சா பாத்திரத்தையும் அவர்களுக்கே அளிக்குமாறு அங்கே விதிக்கப்பட்டுள்ளது. பேணியவர் முழுப் பிக்குவாயிராது, பயில்நிலைச் சாமணேரராயிருந்தாலும் சமமான பங்கு கொடுக்கச் சொல்லியிருக்கின்றது. தரத்தில் தாழ்ந்தவர் என்று கூறிப் பங்கைக் குறைக்கலாகாது என்பது இதன் பொருள். ஆகவே, ஊதியத்தை எண்ணாதிருக்க வேண்டியது பணிவிடை செய்யும் அந்நேரத்தில் செய்பவர் மனம். ஊதியத்தை எண்ணியே ஆக வேண்டியது செய்விப்பவர் கடமை. சிகாலோவாத சூத்திரத்திலும், பணியாளரின் வலிமைக்கேற்ப வேலை கொடுத்தல், உணவும் ஊதியமும் அளித்தல், அவர் நோயுற்றால் பேணுதல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் ஆகியவை எசமானர் கடமைகளாகச் சொல்லப்பட்டுள்ளன.

நடைமுறையிலோ, வீட்டோடு தங்கும் பணிவிடையாளர்க்கு நேரமென்பதே இல்லை. இரவு மூன்றுமுறை எழுந்தாலும் காலை ஆறு மணிக்குக் கட்டிலருகே நிற்க வேண்டும். 2018-இல் கேரள அரசு தனியார் மருத்துவமனைச் செவிலியர்க்கு அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது. செவிலியர் ஒன்றுகூடிப் போராடியதன் விளைவு அது. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் 20 விழுக்காடு போனசு கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்ததை நாடே கண்டது. அப்பெண்களின் மகள்மார் தனித்தனி வீடுகளிலும் இல்லங்களிலும் ஒருவரையொருவர் அறியாது அடைபட்டிருப்பதால் அவ்வாறு கூடுதல் அரிதாயிருக்கின்றது. வாரத்தில் ஒருநாள் விடுப்பும், எழுத்தில் ஒப்பந்தமும் கேட்பதற்கு எவரும் கூசவேண்டா.

மதம் மாறிய நமக்கே உரிய மற்றொரு சங்கடத்தையும் தொடுவோம். ஒரு சகோதரி, தாம் பேணும் முதியவர் ஒவ்வொரு காலையிலும் நெற்றியில் திருநீறு இடச் சொல்கின்றார், நாம் 22 உறுதிமொழிகள் எடுத்தவர்களாயிற்றே, இட்டால் குற்றமா என்று எழுதிக் கேட்டிருந்தார். கிறித்தவர் இல்லத்தில் வேலை செய்யும் மற்றொருவர், கண் தெரியாத மூதாட்டிக்கு விவிலியம் படித்துக் காட்டலாமா என்றார். சில தோழர்கள் இவ்விடத்தில் மிகக் கடுமையாகப் பேசுகின்றனர். யாம் அவர்களோடு உடன்படவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் மேற்கொள்ளப்பட்ட உறுதிமொழிகள் நாம் எதை வணங்கலாகாது என்பதைச் சொல்கின்றன; கை தூக்க முடியாத ஒருவர் வணங்குவதைத் தடுக்க நமக்கு உரிமை கொடுக்கவில்லை. அவர் நெற்றியில் நாம் இடும் நீறு அவருடையது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவது போன்றதே அது. எல்லா உயிர்களிடத்தும் இரக்கங்காட்டிப் பேணுவேன் என்பதும் அவ்வுறுதிமொழிகளுள் ஒன்றன்றோ? ஆனால் நம் நெற்றியில் இடச் சொன்னால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். இல்லத்துப் பூசையில் கலந்துகொள்ளாவிடில் வேலையில்லை என்றால் அந்த வேலையை விடலாம். ஐந்தாவது தகுதியாகிய நல்லுரையால் மகிழ்வித்தலைச் சாக்காகக் கொண்டு, எழுந்தோட முடியாதவரிடம் நம் மதத்தைப் புகட்டுவதும் கூடாது. மரணப்படுக்கையில் ஆள்பிடிப்பவரைக் கண்டு நாம் முன்பு எவ்வளவு வெறுத்தோம் என்பதை நினைக்க வேண்டும்.

சாதி தெரிந்தபின் உன் கையால் தண்ணீர் வேண்டா என்று கூறும் நோயாளிகளும் உண்டு. மறதி நோயால் மனம் கலங்கி அங்ஙனம் சொல்பவரிடம் வாதிடுதல் பயனற்றது. மனம் தெளிந்திருந்தும் சொல்பவரிடம், இல்லத்துப் பொறுப்பாளரே வந்து, இங்குத் தண்ணீர் கொடுப்பவர் இவரே என்று கூறல் வேண்டும். அப்பெண்ணை வேறு அறைக்கு மாற்றித் தொல்லையைத் தீர்த்தோம் என்பது தீர்ப்பன்று. நோயாளியின் சாதிக்கு இல்லமும் துணைபோயிற்று என்பதே அதன் பொருள்.

யாம் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகின்றோம். மலைத்தோட்டங்களில் பாட்டன் காலமுதல் உழைத்தவர்க்கு வீடு என்பது லயத்து அறை. ஐம்பத்தெட்டு வயதில் வேலை நின்றால், வீட்டில் வேறொருவர் தோட்ட வேலையில் இல்லாதபோது அவ்வறையையும் விட வேண்டும். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் எறணாகுளத்துக்கும் போய்விட்டனர். மகள் எறணாகுளத்தில் எவரோ ஒருவரின் தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில், அவள் தாய் மலையில் தனியே கிடக்கின்றாள். மகள் அனுப்பும் பணத்தில் மருந்து வாங்கலாம். புரட்டிக் கிடத்துவார் யார்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்தியா முழுமைக்கும் 8.6. முதியோர் மிகுந்த நாட்டில், பணமுள்ள முதியோர்க்குக் கை கிடைக்கின்றது. அக்கையைப் பெற்றவளுக்குக் கிடைப்பதில்லை.

இதற்காக மகளைப் பழிப்பது தகாது. விநயத்தில் நோயாளியைப் பேணும் கடமையை வரிசையாகக் கூறுமிடத்து, ஆசிரியர் இருந்தால் ஆசிரியர், மாணவர் இருந்தால் மாணவர், உடனுறைவார் இருந்தால் உடனுறைவார் என்று சொல்லி, ஒருவரும் இல்லையேல் சங்கம் முழுவதுமே பேணல் வேண்டும், பேணாவிடில் சங்கத்துக்குக் குற்றம் என்று முடிக்கின்றது. நம் சங்கங்கள் விழா எடுக்கின்றன, சிலை வைக்கின்றன. நம் பகுதியில் எத்தனை பேர் படுக்கையில் கிடக்கின்றனர் என்ற கணக்கு எத்தனை சங்கங்களிடம் இருக்கின்றது? ஆபுத்திரன் பிறப்பின் பெயரால் ஊரைவிட்டு விலக்கப்பட்டவன்; மதுரையில் பிச்சையேற்று, பேணுவாரற்ற நோயாளர்க்கும் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டியபின் எஞ்சியதை உண்டவன் என்று மணிமேகலைக் காப்பியம் கூறுகின்றது. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவர் மட்டுமல்லர், சித்த மருத்துவருமாவார். இவ்வழியில் வந்தோம் என்று பேசிக்கொள்கின்றோம்.

செய்யத்தக்கது பெரிதன்று. 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர் சிலர் தொடங்கிய வலித்தணிப்புச் சங்கத்தினின்று வளர்ந்த இயக்கம், ஊரூராகத் தொண்டர்களைக் கொண்டு வீட்டிலேயே நோயாளரைப் பேணும் முறையைக் கேரளத்திற் பரப்பியது. 2008-இல் மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. பஞ்சாயத்தின் வழியாகச் செவிலியர் வீடு தேடி வருவர். தமிழ் மட்டுமே தெரிந்த நம் முதியோர் பலர்க்கு இதைக் கேட்டுப் பெறும் வழி தெரியாது. சங்கத்துக்கு இருவர் மூவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று பெயர் பதிவு செய்து கொடுத்தாலே பாதி வேலை முடியும். விடுமுறைக்கு வரும் உதவியாளப் பெண்கள், புரட்டிக் கிடத்தும் முறையையும் வாய் துடைக்கும் முறையையும் லயத்துப் பெண்களுக்கு ஒரு மாலையில் கற்பிக்கலாம். ஆண்களும் கற்க வேண்டும். தகப்பனைத் தூக்குவதற்கு மருமகளையே கூப்பிடுவது ஆண்மையாகாது.

அவ்வுபாசகர்க்கு எம் விடை இதுவே: மகள் போகட்டும், படித்துப் போகட்டும், ஊட்டும் கையும் துடைக்கும் கையும் பிரிக்கப்படும் இடமானால் திரும்பி வரட்டும்.

நோயாளிக்கும் புத்தர் ஐந்து தகுதிகள் சொல்லியிருக்கின்றார். நம் முதியோர்க்கு அவை மிகவும் வேண்டப்படுவன. ஏற்றதைச் செய்தல், அதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளுதல், நோயின் ஏற்ற இறக்கத்தைப் பேணுவோரிடம் உள்ளவாறு உரைத்தல், உடல் வேதனையைப் பொறுத்தல். இவற்றுள் பொறுத்தல் நம்மவர்க்குப் பழக்கமானது, உரைத்தலே பழக்கமில்லாதது. ஆலையிலும் தோட்டத்திலும் வலியென்று சொன்னால் ஒருநாள் கூலி போகும் என்று வாழ்நாள் முழுதும் வாய்மூடிப் பழகியவர்கள், கட்டிலிற் கிடக்கும்போதும் எப்படியிருக்கின்றது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கின்றனர். முதுகிற் புண் இருக்கும். பஞ்சுத்தூசி படிந்த நெஞ்சு இரவெல்லாம் இழுத்திருக்கும். கேட்கின்ற பெண் கையில் கூலிப்புத்தகம் இல்லை. அவளிடம் எங்கே வலிக்கின்றது, எப்பொழுது தொடங்கியது, எழுந்தால் கூடுகின்றதா படுத்தால் கூடுகின்றதா என்பதை ஒளிக்காமற் சொல்லுங்கள்.